உன் ராத்தாவின் நூலக அட்டை

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும் என்று எழுதிவிட்டு அரை மணித்தியாலமாகப் பேனையைப் பிடித்தபடி சும்மா இருக்கிறேன். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். விவசாயிகளின் முறைப்பாடுகளையும், வாய்க்கால் சண்டைகளில் இரண்டு தரப்பின் விளக்கங்களையும், மேலதிகாரிக்கு நோகாத பதில்களையும் எழுதித் தள்ளியவன். பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டி வந்ததும் கை ஓடமாட்டேன் என்கிறது. கொழும்பில் இருக்கும் உன்னோடு தினமும் போனில் கதைக்கிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில்தான் இந்த விஷயத்தைத் தொடங்கினேன். "அதெல்லாம் பொம்புளைகள்ட விஷயம் வாப்பா, ராத்தா பாத்துக்கொள்ளுவா, நீங்க யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கலியாணக் கோட்டின் அளவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாய். நானும் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கு என்மீதே வெறுப்பு வந்தது. என் ஆயுள் முழுக்க நான் முக்கியமான இடங்களில் எல்லாம் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்கு நிக்காஹ். எங்கள் கரையூர்களில் பெண்பிள்ளை வீட்டில் இருப்பாள், ஆண்பிள்ளைதான் கலியாணத்தோடு வீட்டை விட்டுப் போவான். நான் உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தது அப்படித்தான், உனக்கு மூத்தவளான ராத்தா நுஸ்றத்தின் வீட்டுக்கு உன் மச்சான் வந்ததும் அப்படித்தான். நீ அக்கரைப்பற்றில் ஷிஃபாவின் வீட்டுக்குப் போகப்போகிறாய். அங்கே உனக்கு முன் வாசலில் கதிரை போடுவார்கள். பெரிய மீனை உன் பீங்கானில் வைப்பார்கள். நீ இருமினாலும் அதற்கு ஒரு கருத்து இருக்கும் என்று நினைத்து உன் மாமா எழும்பி நிற்பார். மாப்பிள்ளையாகப் போகிறவன் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுக்க ஒரு குடும்பமே காத்திருக்கும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

போன சனிக்கிழமை வழமைபோல அக்கரைப்பற்று நூலகத்துக்குப் போனேன். இரவல் கொடுக்கும் மேசைக்கு முன்னால் ஷிஃபாவின் வாப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் நாலு புத்தகம், அதற்கு மேலே மகளின் நூலக அட்டை. என்னைக் கண்டதும் கூச்சப்பட்டுச் சிரித்தார். "என்ன, மகளுக்கு வரக் கிடைக்கல்லையா?" என்று கேட்டேன். "இல்ல, இனி அவ வரமாட்டா. கார்டையும் குடுத்திட்டுப் போவம் எண்டுதான் வந்த. ஒங்கட பக்கத்தால செல்லியிருந்தாங்கதானே, லைப்ரரிக்குப் போறதெல்லாம் கலியாணத்துக்கு முதலே நிப்பாட்டிடணும் எண்டு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் வெளிவாரியாகப் பட்டப் படிப்புப் படிக்கிறவள், கடைசிச் சோதனை இன்னும் எழுதவில்லை, அதற்கான புத்தகங்கள் எல்லாம் இங்கேதான். "அப்ப சோதின?" என்றேன். "அதப் பாப்பம். மாப்பிள்ளைட விருப்பம் எப்பிடியோ அப்பிடித்தானே" என்று மறுபடியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு, மகன். நானே ஒருநாள் அதே சிரிப்போடு அதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் நின்றவன்.

நான் அவருடைய கையைப் பிடித்து, "கார்டைக் குடுக்காதீங்க, எங்கட வீட்டுல யாரும் அப்பிடிச் செல்லியிருந்தா அது பிழை" என்றேன். அவர் பயந்துபோனார். "நீங்க செல்றது சரி. ஆனா மாப்பிள்ளை ஒரு சொல்லுச் செல்லட்டும், மறுகா பாப்பம்" என்று அட்டையை மேசையில் வைத்துவிட்டார். அந்தப் பிள்ளையை நீ முதலில் கண்டதே அந்த மேசைக்கு முன்னால்தான். பெருநாள் லீவில் வந்து என்னோடு லைப்ரரிக்கு வந்தவன், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றுவிட்டு, பஸ்ஸில் வரும்போது என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னாய். கையில் புத்தகத்தோடு நின்றவளைப் பிடித்திருந்தது, இப்போது அந்தக் கையில் புத்தகம் இருக்கக் கூடாதாம். என்ன நியாயம் இது?

வீட்டுக்கு வந்ததும் உன் உம்மாவிடம், பெண் பார்க்கப் போன அன்று அங்கே யார் என்ன சொன்னது என்று கேட்டேன். நான் காய்ச்சலில் கிடந்ததால் அன்று வரவில்லை. அவள் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது என்ன என்பது உனக்குத் தெரியும், நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் அது ஏன் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் பின்னுக்குப் போக வேண்டியிருக்கிறது.

நீயும் ராத்தாவும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சனிக்கிழமை என்றால் எங்களுக்கு ஊர் நூலகம்தான். சைக்கிளில் முன்னுக்கு நீ, பின்னுக்கு அவள். அவளுக்கு ஆறு வயதில் நான் அங்கத்துவப் படிவம் நிரப்பினேன். பிணை நிற்பவரின் கையெழுத்து என்று ஒரு இடம் இருந்தது. இந்தப் பிள்ளை எடுக்கும் புத்தகத்துக்கு நான் பொறுப்பு என்று அதில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். உனக்கும் பிறகு வைத்தேன். நீ பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் ஐஸ்பழக்காரனைத் தேடுவாய். அவள் அப்படியில்லை. எடுத்த புத்தகத்தை வீடு வரும் வரைக்கும் பொறுக்கமாட்டாள். கொஞ்சம் வளர்ந்து நடந்து போகத் தொடங்கிய காலத்தில் வாசித்துக்கொண்டே நடந்து, சந்தைக்குப் பக்கத்துச் சாக்கடைக் கானுக்குள் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். விழுந்தவள் புத்தகத்தை மட்டும் நனையவிடாமல் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். "லைப்ரரி புத்தகம் வாப்பா, நீங்கதானே பிணை" என்றாள். நான் கந்தோரில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அவள் பெரியபிள்ளையான பிறகு ஊரில் சிலர் வாயைக் கோணினார்கள். நான் அப்போது வீரன். அங்கே பெண்களுக்கென்று அலுமாரிகளுக்குப் பின்னால் ஒரு மேசை இருக்கிறது, தம்பியும் கூடப் போகிறான், உங்களுக்கு என்ன என்று கேட்டேன். துணைக்குப் போன தம்பி நீ. உனக்கு அது சிறைத் தண்டனை மாதிரி. "ராத்தா முடிக்கிறாவே இல்ல வாப்பா" என்று வந்து முறையிடுவாய். உயர்தர வகுப்பில் அவள் கலைப் பிரிவு எடுத்தாள். அவளுடைய ஆசிரியை வீட்டுக்கே வந்து, இந்தப் பிள்ளை கட்டாயம் கெம்பஸ் போகும், பட்டம் எடுக்கும், குழப்பிவிடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது சம்பந்தம் வந்தது. கல்முனைக் கடைத்தெருவில் ஹாட்வெயார் கடை, நல்ல குடும்பம், ஒரே மகன். எங்களிடம் இருந்தது கட்டிக்கொண்டிருந்த ஒரு வீடும், பயமும். பெண்பிள்ளையைப் பெற்றவனுக்கு இங்கே அந்தப் பயம் அவள் பிறந்த நாளிலேயே வந்துவிடும். நல்ல மாப்பிள்ளை கைநழுவிப் போனால் வீட்டைக் கட்டி என்ன, வெள்ளை அடித்து என்ன என்று. மாப்பிள்ளையின் உம்மா பெண் பார்க்க வந்தார். நுஸ்றத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த மனிசி சுற்றிவரப் பார்த்துவிட்டு, "புள்ள நல்லா வாசிக்குமாமே, லைப்ரரிக்கெல்லாம் போறவாமே" என்று கேட்டார்.

உனக்கும், உன் உம்மாவுக்கும், நுஸ்றத்துக்கும் நான் சொன்ன கதை வேறு. மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை போட்டார்கள், லைப்ரரியும் படிப்பும் இனிச் சரிவராதாம் என்று சொன்னார்கள் என்றுதான் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். நீங்கள் பதின்மூன்று வருடமாக அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது பொய், மகன். அந்த மனிசி கேட்டது அவ்வளவுதான். மெச்சிக் கேட்டாரா, குத்திக் கேட்டாரா என்று அறிவதற்கு ஒரு நிமிடம்கூட நான் பொறுக்கவில்லை. உன் உம்மா குசினிக்குள் பலகாரம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் இனி இல்ல, கலியாணம் எண்டா எல்லாத்தையும் நிப்பாட்டிடுவம்" என்று சொன்னேன். அவர் கொஞ்சம் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, "சரி, ஒங்கட விருப்பம்" என்றார். ஒங்கட விருப்பம் என்றுதான் சொன்னார். எங்களைப்போலப் பெண் கொடுக்கிறவர்களுக்கு இது ஒரு நோய். வீட்டைக் கொடுக்கிறோம், தளபாடத்தைக் கொடுக்கிறோம், கொடுத்துக் கொடுத்துக் கை பழகி, யாரும் கேட்காததையும் எடுத்து நீட்டிவிடுகிறோம். நான் என் மகளின் தலைக்குள் இருந்ததை எடுத்து நீட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகாமல் நான் மட்டும் போனேன். அவள் பாதி வாசித்து வைத்திருந்த ஒரு நாவலையும் அவளுடைய அட்டையையும் மேசையில் வைத்து, பிணையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று கந்தோர்த் தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். "ஏன், புள்ளைக்கு என்ன?" என்று கேட்டார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "அவங்க கேட்டாங்களா வாப்பா?" என்று மட்டும் கேட்டாள். "ஓம் புள்ள, அவங்க கேட்டாங்க" என்றேன். "கலியாணத்துக்குப் பொறகு நிப்பாட்டினா ஒனக்குத்தான் கூட நோகும், இப்பவே நிப்பாட்டினா பழகிடும்" என்றும் சொன்னேன். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள். சோதனை எழுதும் நாளில் அவளுக்கு மருதோன்றி போட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த நூலகத்துக்குப் போக எனக்கு முகம் இருக்கவில்லை. ஆனால் வாசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. மகளுடையதைப் பிடுங்கியவன் என்னுடையதை விட்டேனா? இல்லை. உன்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை எல்லாம் தாண்டி அக்கரைப்பற்றுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே புத்தகம் கூட என்று உனக்குச் சொன்னேன். அங்கே என்னைத் தெரிந்தவர் குறைவு என்பதுதான் காரணம். சனிக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் வெளிக்கிடும்போது அவள் முன் வாசலைக் கூட்டிக்கொண்டு நிற்பாள். தும்புத்தடியை ஒரு பக்கம் ஒதுக்கி எங்களுக்கு வழிவிடுவாள். நீ அதைக் கண்டிருப்பாய்.

வீடு அவள் பெயரில். மருமகன் வந்ததும் நானும் உம்மாவும் நீயும் பின்வளவில் கட்டிய இரண்டு அறைக்கு மாறினோம். மருமகன் முன்னுக்கு இருந்தால் நான் பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் பின்வாசல் வழியாக வருவேன். நான் கட்டிய வீட்டுக்குள் நானே லைப்ரரிப் புத்தகத்தைச் சேர்ட்டுக்குள் வைத்து மறைத்துக்கொண்டு வந்தேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். கலியாணம் முடிந்து இரண்டாம் மாதம் குசினிக்குப் பின்னால் வைத்து நுஸ்றத் என்னிடம் கேட்டாள்: "வாப்பா, அண்டைக்கு நீங்க திருப்பிக் குடுத்த புத்தகத்த ஒங்கட கார்டுல எடுத்துத் தாங்களன். நான் மறைச்சு வாசிச்சிட்டுத் தாறன், ஒருத்தருக்கும் தெரியாது." "மருமகன் கண்டா என்ன நினைப்பார்?" என்றேன். "அப்ப நீங்க வாசிச்சிட்டு, அந்தக் கதைல வாற பொம்புளைக்கு மறுகா என்ன நடந்த எண்டாவது செல்லுங்க" என்றாள். அதற்கு ஓம் என்றேன். இரண்டு வாரம் கழித்து அவள் கேட்டபோது, அந்தப் புத்தகத்தைத் தேடிக்கூடப் பார்க்காதவன், "எல்லாம் சரியாப் போச்சு புள்ள, அவ நல்லா இருந்தா" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அந்தக் கதை அப்பிடி முடியாது வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பை ஊதினாள். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் எழுத வேண்டும். அடுத்த வருடம், அவளுக்கு மூத்த பிள்ளை கிடைத்த பிறகு, ஒருநாள் மருமகன் பின்வளவுக்கு வந்து என் கட்டிலில் கிடந்த புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "மாமா, நுஸ்றத் இப்ப புத்தகம் ஒண்டும் வாசிக்கிற இல்லையா? நல்லா வாசிக்கிற புள்ள எண்டுதானே உம்மா செல்லினா. எனக்கும் அதுதான் விருப்பமா இருந்த" என்றார். மகன், அந்த இடத்தில் ஒரு மனிதனாக நான் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயதுதான். அடுத்த வருடம் பரீட்சை எழுதியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் நான் பொய் சொன்னது வெளியே வரும். "அவவுக்கு இப்ப அதுல ஆசை இல்ல மருமகன்" என்றேன். அவர் நம்பிவிட்டார். அவளோ, புருஷனுக்குப் பிடிக்காது என்று நம்பி வாயைத் திறக்கவில்லை. ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியாமல், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் இத்தனை வருடம் இருந்தார்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடைத்து வைத்தவன் நான். உன் மச்சானை நீ கடும் ஆள் என்று நினைக்கிறாய், முகம் கொடுத்துக் கதைப்பதுகூட இல்லை. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கடை நட்டத்தில் படுத்து அவர் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு எனக்குத் தைரியம் வந்தது. பயப்பட ஆள் இல்லாத நேரத்தில் வரும் தைரியம். அவளுக்கென்று ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பி, திகதி குத்தியிருக்கும் தாளைப் பார்த்தாள். பிறகு அலுமாரிக்கு மேலே வைத்தாள். பதினாலு நாளும் அது அங்கேயே இருந்தது. திருப்பிக் கொடுக்கும் நாளில் கேட்டேன். "வாசிக்கப் பாத்தன் வாப்பா. ஒரு பக்கம் முடியிறதுக்குள்ள மேல என்ன இருந்த எண்டு மறந்து போகுது. எனக்கு இனி அது வேணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புப் போதும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். உனக்கு ராத்தா என்றால் எப்போதும் அமைதியான ஆள், பிள்ளைகளும் வீடுமாக இருக்கிறவள். கானுக்குள் விழுந்தும் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்த அந்தப் பிள்ளையை நீ மறந்துவிட்டாய். உன்னில் பிழை இல்லை, நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் மறந்தோம்.

இப்போது உன் உம்மா எனக்குச் சொன்னதற்கு வருகிறேன். ஷிஃபாவின் வீட்டில், தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகு, லைப்ரரிக்குப் போவதை நிப்பாட்டச் சொன்னது நுஸ்றத். நீ பக்கத்துக் கதிரையில் இருந்தாய். ஷிஃபா கதவுக்குப் பின்னால் நின்றாளாம். யாரும் கேட்காமல், உம்மாவிடம்கூடச் சொல்லாமல், நுஸ்றத் தானாகவே சொன்னாளாம். நீ தலையைக் குனிந்துகொண்டு போனைப் பார்த்தாயாம். அந்த இடத்தை நான் காணாமலே கண்டேன், மகன். என் வீட்டு முன்னறையும் அதுதான், நான் குனிந்த தலையும் அதுதான்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு முன்வீட்டுக்குப் போய், "அந்தப் புள்ளைக்கு ஏன் அப்பிடிச் செல்லின நீ? ஒனக்கு நடந்தத ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சபடியாத்தான் செல்லின" என்றாள். பிறகு, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "கலியாணம் முடிஞ்சு அந்த வீட்டுல ஒருநாள் தம்பி வேணா எண்டு செல்லுவான். அப்ப அவ ஒரு புத்தகத்துல பாதியில நிப்பா. அது மிச்சம் நோகும் வாப்பா. முன்னுக்கே நிப்பாட்டிட்டா பழகிடும். நான் அவவுக்கு நல்லதுதான் செஞ்ச. நீங்கதானே எனக்குச் செல்லித் தந்த?"

என் மகள் பதின்மூன்று வருடமாக என் பொய்யைப் பத்திரமாக வைத்திருந்து, அதை இன்னொரு பெண்பிள்ளைக்கு மருந்து என்று நினைத்துக் கொடுத்திருக்கிறாள். அவளில் ஒரு துளி பொறாமையும் இல்லை. பொறாமை என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மடித்த உடுப்புகளை அவள் உள்ளே கொண்டுபோன பிறகும் நான் அங்கேயே இருந்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். கலியாணத்துக்கு முன் லீவு எடுத்துக்கொண்டு வந்து, அக்கரைப்பற்றுக்குப் போய், ஷிஃபாவின் வாப்பாவிடம் உன் வாயால் சொல். போனில் இல்லை, ஆள் அனுப்பி இல்லை. அவள் நூலகத்துக்குப் போவாள், சோதனை எழுதுவாள், இதில் என் விருப்பத்தைக் கேட்க ஒன்றும் இல்லை என்று சொல். அவர் நம்பமாட்டார். மாப்பிள்ளை மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைப்பார். அவருடைய மனைவி ஒரு பக்கம் பயப்படுவார். அட்டை அவள் கைக்கு வரும் வரைக்கும் நீ அந்த வீட்டு வாசலில் இரு. கலியாணத்துக்குப் பிறகும் உன் முகத்தைப் பார்த்து அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லாவிட்டால் அது வேண்டும் என்றுதான் அங்கே பொருள். நீ கெட்டவன் இல்லை. உன் மச்சானும் கெட்டவர் இல்லை. அது ஒருவருக்கும் உதவவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ இதைச் செய்தால் உன் ராத்தாவுக்கு நோகும். வேறு வழி இருக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும் என்று நினைத்துத்தான் அவள் இவ்வளவு காலமும் தாங்கினாள். தன்னுடைய தம்பி பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போகிறான் என்று கேள்விப்படும் நாளில் வேறு வழி இருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு அவள் கேட்கப்போகிற கேள்வி உனக்கு உரியது இல்லை, எனக்கு உரியது. அந்த நாள் வரும் வரைக்கும் காத்திருந்து, பிறகு அவள் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருக்கலாமா என்றும் யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், உன் வாப்பா எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

வாயால் சொல்ல இரண்டு தரம் முன்வீட்டுக்குப் போனேன். ஒருதரம் பேரப்பிள்ளையின் இருமலைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன், மற்றத் தரம் தண்ணீர்க் குழாயைத் திருத்திவிட்டு வந்தேன். வாய் என்றால் நான் பாதியில் கதையை மாற்றிவிடுவேன். ஆகவே இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. நாளைக் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு இதை முதலில் நுஸ்றத்தின் கையில் கொடுக்கப்போகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் மேலே என்ன இருந்தது என்று மறந்தால் திரும்ப மேலேயிருந்து வாசிக்கட்டும். எத்தனை நாள் எடுத்தாலும் நான் பின்வளவில்தான் இருப்பேன். கிழித்துப் போட நினைத்தால் போடட்டும், என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் வீடு அவளுடையதுதான். உன்னுடைய கொழும்பு விலாசத்தையும் ஒரு முத்திரையையும் கடிதத்தோடு சேர்த்து வைத்துவிடுகிறேன். இதை உனக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அவள் தீர்மானிக்கட்டும், ஒரு விஷயத்திலாவது.

நீ இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், மகன், தபாலில் போட்டது நான் இல்லை, உன் ராத்தா.

வாப்பா